கண்மாய்க் கரை வழியே: செட்டிநாட்டில் தட ஓட்டப் பாதை வகுத்துக்கொள்வது எப்படி

செட்டிநாட்டில் தட ஓட்டம், அதாவது தார்ச்சாலையை விட்டு மண் தடங்களில் ஓடும் ஓட்டம், ஓடலாம் என்று சொன்னால், வெளியூர் ஓட்டக்காரர்கள் முதலில் கேட்பது அங்கே மலை எங்கே இருக்கிறது என்பதுதான். மலை என்று சொல்லத்தக்கது மேற்குக் கோடியில் நிற்கும் பிரான்மலை ஒன்றே; குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருமயம் ஆகியவற்றில் இருப்பவை பாறைக் குன்றுகள். மற்றபடி காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் சமதளமாகத் தெரியும் செம்மண் பூமிதான். ஆனால் அது கண்ணுக்கு மட்டுமே சமதளம், மழைநீருக்குச் சரிவு. மேற்கிலும் வடமேற்கிலும் சற்றே உயர்ந்து, பாக் நீரிணையை நோக்கிக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் மெல்லத் தாழும் இந்த நிலத்தில், நீர் போன வழியையொட்டி மனிதரும் மாடும் நடந்து நடந்து தடம் விழுந்திருக்கிறது. அந்தத் தடங்களைக் கண்டுபிடித்து, ஒன்றோடொன்று கோத்து, ஓடத்தக்க பாதையாக ஆக்கிக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் பட்டியலை எழுதிப் பயனில்லை. ஒரு மழைக்காலம் கழிந்தால் சீமைக்கருவேல் பாதி வழியை மூடிவிடும். பாதையை வகுக்கும் முறை தெரிந்தவர் வேறொரு கரையைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிடுவார்.

தட ஓட்டம் பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி வேறு வகை நிலங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பிரான்சு நாட்டின் தெற்கில் கோஸ் எனப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலங்கள் இருக்கின்றன. அங்கே மில்லோ என்ற ஊரின் வட்டாரத்தில் 1995ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தாம்ப்ளியே ஓட்ட விழா, தட ஓட்டக்காரர்களிடையே பெயர் பெற்றது. சுண்ணாம்புக்கல்லை மழைநீர் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிவிடும். அதனால் மேட்டின் மேற்பரப்பு வறண்டு கிடக்கும். ஆறு ஆழப் பள்ளத்தாக்கின் அடியில் ஓடும். மேலே ஓடுபவர் நீர்நிலையை நம்பிப் போக முடியாது. செட்டிநாட்டுப் பூமியோ செம்புராங்கல் பூமி. வெட்டி எடுக்கும்போது இளகியிருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிப்போகும் கல் அது. அந்த இறுகிய மேட்டில் விழும் மழை சரளை மீது வழிந்தோடி, பள்ளத்தில் ஒரு கரையால் தடுக்கப்பட்டுக் கண்மாயாகி நிற்கிறது. (சுண்ணாம்பு இங்கே காலுக்கடியில் இருப்பதைவிட வீட்டுச் சுவரில் இருப்பதே அதிகம்.) ஆகவே சுண்ணாம்புக்கல் நாட்டு ஓட்டக்காரர் நீரில்லாத நிலத்தில் பாதை தேடுகிறார் என்றால், நாம் நீரையே பாதைகாட்டியாகக் கொள்ளலாம்.

நீரைப் பின்தொடர்தல்

செட்டிநாட்டு ஊர்கள் பெரும்பாலும் கட்டம் போட்டது போல் நேர்த் தெருக்களாக அமைந்தவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளின் ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்திலும் தெருவிலும் விழும் மழைநீர், வடிகால் வழியே ஊருணிக்கும் அங்கிருந்து கண்மாய்க்கும் போகும்படி நிலத்தின் சரிவைப் பார்த்து அமைத்திருக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்த் தொகுப்புகள் இடம்பெற்றன. இந்த நீர் ஏற்பாடும் அந்த ஊர்களின் சிறப்புகளில் ஒன்று. ஓட்டக்காரருக்கு இதனால் ஒரு நேரடிப் பயன் உண்டு. தெரியாத ஊரின் நடுத்தெருவில் நின்றாலும், வடிகால் சரியும் பக்கமாகப் போனால் ஊருணி வரும். ஊருணியிலிருந்து வெளியேறும் வாய்க்காலைப் பிடித்தால் ஊர் எல்லை தாண்டிக் கண்மாயின் உள்வாய்க்கோ கரைக்கோ போய்ச் சேரலாம்.

கண்மாய் கிடைத்துவிட்டால் பாதையும் கிடைத்தது போலத்தான். சரிவின் தாழ்ந்த பக்கத்தில், அதாவது பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ, பிறை வடிவில் கரை இருக்கும். கரையின் ஒரு பக்கம் நீர் தேங்கும் உள்வாய். மறுபக்கம் மடை வழியாகப் பாசனம் பெறும் வயல்வெளி. கரையின் ஒரு கோடியில் கலுங்கு இருக்கும். கண்மாய் நிரம்பினால் மறுகால் போகும் நீர் அந்தக் கலுங்கு வழியே வெளியேறி, ஓடையாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இப்படி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்கள் சங்கிலி போல் தொடர்வதால், முதல் கண்மாயின் கரைமேல் ஓடி, கலுங்கில் இறங்கி, ஓடையை ஒட்டிய தடத்தைப் பிடித்து, அடுத்த கண்மாயின் உள்வாய் ஓரமாகச் சென்று மீண்டும் கரை ஏறலாம். இதையே மூன்று நான்கு முறை செய்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதே தெரியாது. திரும்பும்போது வண்டிப் பாதையைப் பிடித்தால் வளையப் பாதையாகிவிடும்.

திசை தடுமாறும்போதும் இந்த அறிவு கைகொடுக்கும். ஒருமுறை பனிமூட்டத்தில், தைலமரத் தோப்பு ஒன்றுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றியபின், காய்ந்த ஓடைத்தடம் ஒன்று காலில் பட்டது. மணலில் புல் சாய்ந்திருந்த பக்கமே நீர் போன பக்கம் என்று அதைத் தொடர்ந்து போனேன். கால் மணி நேரத்தில் கண்மாயும், கரைமேல் பனைமரங்களும், அவற்றுக்கு அப்பால் ஊரின் தண்ணீர்த் தொட்டியும் தெரிந்தன. கைப்பேசியில் வரைபடம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தோப்புக்குள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருந்ததால், அது காட்டிய அம்புக்குறியை நான்தான் நம்பவில்லை.

வரைபடமும் வாய்ச்சொல்லும்

முதல் நாள் வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடலாம். செயற்கைக்கோள் படத்தில் கண்மாய்கள் பிறை பிறையாகத் தெரியும். பிறையின் வளைந்த வெளிவிளிம்பில் தெரியும் கோடுதான் கரை. அந்தக் கோடு வெளிறிய செந்நிறமாக இருந்தால் கரைமேல் வண்டி போகிறது என்று கொள்ளலாம். கரும்பச்சையாக இருந்தால் முள் மூடியிருக்கிறது. பெரிய கண்மாய்களை நீர்வளத் துறையும், நாற்பது எக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்புள்ளவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் பராமரிக்கின்றன. குடிமராமத்து போன்ற தூர்வாரும் திட்டங்களில் அண்மையில் வேலை நடந்த கரைகள் அகலமாகவும் முள் நீங்கியும் இருக்கும். அவற்றைப் பாதையின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தில் வண்டிப் பாதைகளும் ஓடைகளும் தெளிவாக இருக்கும். பழைய பதிப்பாக இருந்தாலும் கண்மாய் இடம் மாறுவதில்லை. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச வரைபடத்தை இணையம் இல்லாதபோதும் திறக்கும்படி கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டு, வகுத்த பாதையை ஜிபிஎக்ஸ் எனும் வழித்தடக் கோப்பாகக் கைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஒருமுறை சைக்கிளிலோ இருசக்கர வண்டியிலோ போய்ப் பார்த்து வருவது நல்லது. ஆடு மேய்ப்பவர்களைவிட இந்தத் தடங்களை அறிந்தவர் எவரும் இல்லை. ஆனால் அவர்களிடம் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இந்தக் கரை ஆத்தங்குடிக்குப் போகுமா?" என்றால், போகும் என்றுதான் சொல்வார்கள், அது உண்மையும்கூட. "முள்ளு வெட்டியிருக்காகளா அண்ணே, சைக்கிள் போகுமா?" என்று கேட்டால்தான் நமக்கு வேண்டிய விடை வரும். தூரத்தைக் கேட்கவே வேண்டாம். 'கூப்பிடு தூரம்' என்பது அரைக் கிலோமீட்டராகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். முதல் சில நாள் "என்ன தம்பி, யாராச்சும் வெரட்டுறாகளா?" என்ற கேள்வியை ஒவ்வொரு கரையிலும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்; நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனால் அடுத்த முறை அவர்களே குறுக்குவழி சொல்வார்கள்.

காலடி நிலம்

செம்மண் வண்டிப் பாதைதான் இங்கே எளிமையானது. மழை பெய்து இரண்டு நாள் கழிந்த செம்மண்ணில் ஓடுவதைப் போன்ற சுகம் வேறெதிலும் இல்லை. சரளைக்காடு அப்படியல்ல. செம்புராங்கல் உதிர்ந்த உருண்டைச் சரளை, இறுகிய தரைமேல் கேழ்வரகைக் கொட்டி வைத்தது போல் காலடியில் உருளும். நீண்ட எட்டு வைத்தால் குதிகால் வழுக்கிவிடும். எட்டைச் சுருக்கி, பாதத்தின் நடுப்பகுதி இடுப்புக்கு நேர்க் கீழே படும்படி வைக்க வேண்டும். இறக்கத்தில் இதை மறக்கவே கூடாது. செம்புராங்கல் வெளியே தெரியும் பாறைத் தட்டுகளில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் அந்தக் கல் தேன்கூடு போலத் துளைத்துளையாக இருப்பதால், விழுந்தால் முழங்கால் தோல் மிஞ்சாது.

கண்மாய்க் கரை காலத்துக்கேற்ப மாறும். காய்ந்திருக்கும்போது சாலைபோல் இருக்கும் அதே கரை, வண்டலை அள்ளிப் போட்டு உயர்த்தியதாக இருந்தால், மழை பெய்த அன்று சோப்பு தேய்த்தது போலாகிவிடும்; செருப்படியில் களி ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். மழைக்கு மறுநாள் கரையை விட்டுவிட்டுச் சரளை மேட்டில் ஓடுவதே அறிவு. கோடையில் நீர் வற்றியபின் உள்வாய்க்குள்ளேயே ஓடலாம். ஆனால் வண்டல் வெடித்த இடத்தில் கணுக்கால் சிக்கும். மணிமுத்தாறு, பாம்பாறு போன்ற ஆறுகளின் மணற்படுகை பயிற்சிக்கு நல்லது, நெடுந்தூரத்துக்கு ஆகாது. என் கணக்கில், சாலையில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுக்கும் நாளில் செம்மண்ணில் ஆறேகால், சரளையில் 7, ஆற்று மணலில் 9 நிமிடம் ஆகிறது. தூரத்தை வைத்துத் திட்டமிடாமல் நேரத்தை வைத்துத் திட்டமிடுவதற்கு இதுவே காரணம்.

காலணியின் அடிப்பற்கள் 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் போதும். மலைச் சேற்றுக்கென்று செய்யப்பட்ட ஆழப் பற்கள் இறுகிய தரையில் தள்ளாடும். களியைச் சேர்த்துக்கொள்ளவும் செய்யும். அடிப்பகுதியில் கல்தடுப்புத் தகடு உள்ள காலணியையே வாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சீமைக்கருவேல் முள் மென்மையான அடியை ஊடுருவிப் பாதத்தில் ஏறிவிடும். சாலை ஓட்டத்துக்கான பஞ்சுபோன்ற விலையுயர்ந்த காலணியுடன் வந்த நண்பர் ஒருவர், இரண்டாவது கிலோமீட்டரில் கரைமேல் உட்கார்ந்து முள் பிடுங்கிக்கொண்டிருந்தார். நெருஞ்சியும் ஒட்டுப்புல்லும் காலுறையில் ஏறாமல் இருக்க, கணுக்காலை மூடும் துணி உறை உதவும்.

பருவமும் பொழுதும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கண்மாய்களை நிரப்புகிறது. மார்கழி முதல் மாசி வரையிலான மூன்று மாதமே இங்கே ஓடுவதற்குச் சிறந்த காலம்: நீர் தளும்பும் கண்மாய், பச்சை வயல், குளிர்ந்த காற்று. அதே காலம் வயலில் நெல் நிற்கும் காலமும் ஆகையால், வரப்புகளில் ஓடக்கூடாது. வரப்பு ஓட்டக்காரரின் எடைக்குச் சரிந்தால் நட்டம் விவசாயிக்கு. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே செம்மண்ணிலிருந்து வெக்கை எழும்பத் தொடங்கிவிடும். அப்போது ஐந்து மணிக்கே புறப்பட்டு ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சனவரியில் சூரியன் ஆறரை மணிக்குப் பிறகே உதிக்கிறது. சூனில் ஆறு மணிக்குச் சற்று முன். இருட்டில் புறப்பட்டால் பாம்பு பயம், விடிந்தபின் புறப்பட்டால் வெயில். நான் செய்வது, முதல் ஒரு மணி நேரத்தை ஏற்கெனவே தெரிந்த அகலமான வண்டிப் பாதையில், தலைவிளக்கு வெளிச்சத்தில் ஓடி, வெளிச்சம் வந்தபின்பே ஒற்றையடித் தடத்திலும் கரையிலும் இறங்குவது. பங்குனி முதல் வைகாசி வரை சில ஊர்க் கண்மாய்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியற்காலையிலேயே ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையும் வலையுமாகச் சுற்றுவட்டாரமே உள்வாயில் இறங்கும். அன்று அந்தக் கரையில் ஓட இடமிருக்காது, நின்று பார்க்கலாம்.

சில பாதைகள்

புதிதாக வருபவருக்கு நான் முதலில் காட்டுவது கானாடுகாத்தானிலிருந்து ஆத்தங்குடிப் பக்கம் போகும் பாதையை. கானாடுகாத்தானின் அகலத் தெருக்களில் உடலைச் சூடேற்றிக்கொண்டு ஊரை விட்டு மேற்கே வந்தால், திருச்சி – காரைக்குடி நெடுஞ்சாலையை ஒருமுறை கடக்க வேண்டும். அதிகாலையில் வண்டிகள் விரைவாக வரும் சாலை அது. நின்று, நடந்தே கடக்க வேண்டும். அதற்கு அப்பால் செம்மண் தடங்களும் சிறு கண்மாய்களும் மாறி மாறி வரும். போக ஒரு வழிக்கே பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு நீரும் நேரமும் ஒதுக்க வேண்டும். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகைமேல் வண்ணச் சாந்து ஊற்றித் தரைக்கல் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. திரும்புவதற்குப் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தை அங்கே கழிக்கலாம். செட்டிநாடு ரயில் நிலையம் கானாடுகாத்தானுக்கு அருகிலேயே இருப்பதால், காரைக்குடியில் தங்குபவர்கள் ரயில் நேரம் பார்த்துத் திட்டமிடலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இந்தப் பகுதியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பலர் அங்கே ஓட ஆசைப்படுகிறார்கள். அது அரசு நிலம், அனுமதியின்றி நுழையக்கூடாது. தண்டவாளத்தை ஒட்டி ஓடுவதும் அப்படித்தான்.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி மூன்றையும் இணைக்கும் பாதை, வழி தவறுமோ என்று அஞ்சுபவர்களுக்கு ஏற்றது. பாறைக் குன்றுகள் தொலைவிலிருந்தே கண்ணில் படுவதால், எந்தக் கரையில் நின்றாலும் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். சாலை வழியே பார்த்தால் மூன்று ஊரும் பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கும். கண்மாய்கள் வழியே வளைந்து போனால் பதினைந்து வரை நீட்டிக்கொள்ளலாம். பிள்ளையார்பட்டியும் வைரவன்பட்டியும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் ஒன்பது குலக் கோவில்களில் சேர்ந்தவை. குன்றக்குடி மலைப்படிகளை ஏற்றப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. அது முருகனைப் பார்க்க வருபவர்களின் வழி. இந்தப் பகுதியில் இரண்டு சமயங்களில் ஓடக்கூடாது. தை மூன்றாம் நாள் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும். காளைகள் பொட்டலில் கட்டவிழ்ந்து ஓடும் நாளில் கண்மாய்க் கரையில் சிவப்புச் சட்டையோ வெள்ளைச் சட்டையோ, எதுவும் காப்பாற்றாது. தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில், குன்றக்குடியில் கூடிப் பழனிக்குப் புறப்படும் நகரத்தார் காவடியும் பிற பாதயாத்திரையினரும் மேற்கே போகும் சாலை முழுவதும் நடப்பார்கள். நெடுந்தூரம் போவது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தக் கூட்டத்தோடு ஒரு காலை நடந்து பார்க்கலாம்: வெயிலுக்கு முன் தூரத்தைக் கடந்து, வெயிலில் நிழல் பார்த்துப் படுத்து, மாலையில் மீண்டும் எழுந்து நடக்கும் அந்த ஒழுங்கைவிட நல்ல பயிற்சித் திட்டத்தை நான் கண்டதில்லை.

ஏற்றம்தான் வேண்டும் என்பவர் பிரான்மலைக்குப் போக வேண்டும். பாரியின் பறம்பு இதுவே என்று கருதப்படுகிறது; அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோவில், உச்சியில் தர்கா. பாறைப் படியும் ஒற்றையடித் தடமுமாக ஏறும் இந்த வழியில், ஏற்றத்தில் கைகளைத் தொடைமேல் ஊன்றி விரைந்து நடப்பதும், இறக்கத்தில் மட்டும் ஓடுவதுமே முறை. குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறக்கூடாது. விடியலில் தொடங்கினால் வெயில் ஏறுமுன் இறங்கிவிடலாம்.

திருமயத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையைச் சுற்றிலும் பாறையும் நீருமாக அழகான நிலம். ஆனால் ஊரும் நெடுஞ்சாலையும் நெருங்கியிருப்பதால் தொடர்ச்சியான தடம் கிடைப்பது கடினம். பாதையின் முடிவிடமாக வைத்துக்கொள்வதே பொருத்தம்.

திருப்பத்தூருக்கு அருகில் வேட்டங்குடியில் ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயத்தின் கண்மாய்களில், மழைக்குப் பின் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அவை கலையக்கூடாது என்பதற்காகச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட கரையில் மூச்சிரைக்க ஓடிப் பறவைகளைக் கிளப்பிவிடுவது நாகரிகமாகாது. சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பார்க்கலாம்.

நீர், உணவு, இடர்

கண்மாய் நிறைய நீர் இருந்தாலும் அது குடிப்பதற்கல்ல. குடிக்கும் ஊருணி என்று ஊரார் காத்து வைத்திருப்பதில் காலை நனைப்பதே குற்றம். காலணியோடு படியில் இறங்கவும் கூடாது. மணிக்கு அரை லிட்டர் வீதம், கோடையில் அதற்கும் கூடுதலாக, முதுகுப்பையில் நீர் கொண்டுபோக வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் வெறும் நீர் போதாது. உப்பும் சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை உறையில் குறித்துள்ள அளவு நீரில் கலந்து எடுத்துப்போவது எளிது. புறப்படுமுன் ஒரு சொம்பு நீராகாரத்தில் உப்பிட்டுக் குடித்துவிட்டு ஓடுவது எனக்குப் பழக்கம். வயிறு பழகாதவர்கள் ஓட்ட நாளன்று முதன்முறையாக முயல வேண்டாம். ஊர் டீக்கடைகள் ஐந்து மணிக்கே திறந்துவிடும் என்பதால், பாதையின் நடுவில் ஒரு ஊர் வரும்படி வகுத்துக்கொண்டால் சுமை குறையும். வியர்வை நின்றாலும் நிற்காவிட்டாலும், தலை சுற்றி, பேச்சுக் குழறினால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடனே நிழலில் படுக்க வைத்து, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

நாய்களே அன்றாடத் தொல்லை. தோட்ட வீட்டு நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, நடைக்கு மாறி, முதுகைக் காட்டாமல் விலக வேண்டும்; கல் எடுப்பது போல் குனிந்தாலே பெரும்பாலானவை பின்வாங்கும். கடித்துவிட்டால் சிறு கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பாம்புகளில் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே அஞ்சத்தக்கவை. தைலமரச் சருகு மூடிய தடத்தில் தரை தெரியாது என்பதால் அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும். கடிபட்டால் கயிறு கட்டுவதோ, கீறுவதோ, உறிஞ்சுவதோ கூடாது. மோதிரம், கொலுசு, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, பிறர் தூக்கிச் செல்ல, நஞ்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாக ஓடாதிருக்க இந்த ஒரு காரணமே போதும். தனியாகத்தான் போக முடியும் என்றால், கைப்பேசியில் நேரலை இருப்பிடத்தை வீட்டாருக்கு அனுப்பிவிட்டுப் போக வேண்டும். பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, முதல் சில முறை அந்த ஊர்க்காரர் ஒருவர் துணையுடன் போனால், ஊரார் முகம் பழகிவிடும், பிறகு தடையிராது.

கைவிடப்பட்ட செம்புராங்கல் குழிகளும் சுற்றுச்சுவர் இல்லாத வயற்கிணறுகளும் தடத்தின் ஓரத்திலேயே இருக்கும். வரைபடத்தில் அவை தெரியாது. பார்த்து வரப் போகும் நாளில் குறித்துக்கொள்வது ஒன்றே வழி.

கோவில்காட்டுக்குள் தடம் போனால், ஐயனாரின் மண் குதிரைகள் வரிசையாகத் தொடங்கும் இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தக் காட்டில் ஊரார் விறகுக்கும் சுள்ளி ஒடிப்பதில்லை. பழைய குதிரைகள் உடைந்து மண்ணோடு மண்ணாகக் கிடப்பதால் எதை மிதிக்கிறோம் என்றும் தெரியாது. காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து கடக்கலாம். சில கோவில்களில் யார் எதுவரை வரலாம் என்பதில் ஊர் வழக்கம் உண்டு. பூசாரியையோ அருகில் இருப்பவரையோ கேட்டுவிட்டு நுழைவதே மரியாதை. வனத்துறைப் பலகை இருக்கும் தோப்புக்கும் இதே விதிதான், கேட்க வேண்டிய ஆள் மட்டும் வேறு.

வீடு திரும்பியதும், குளிப்பதற்கு முன், காலணியின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முறிந்த முள்ளின் நுனி ரப்பருக்குள் புதைந்து, அன்று உறுத்தாமல், அடுத்த வாரம் பாதி வழியில் ஏறும். உள்ளே கைவிட்டுத் தடவி, முனை தட்டுப்படும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வெளியே குறித்துக்கொண்டு, சிறு குறடால் இழுத்துவிடலாம். காலில் ஏறியதை ஊசியால் குடைய வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுப் பாதத்தை ஊறவைத்தபின் முள்வாங்கியால் நேராக இழுத்தால் வரும். டி.டி. ஊசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால், அதையும் அன்றைக்கே போட்டுக்கொள்ள வேண்டும்.